லைசென்ஸ் முடங்கினாலும் வேலைக்குப் போக வேண்டுமே: டெக்சஸின் ஆக்குபேஷனல் லைசென்ஸ்

டெக்சஸில் லைசென்ஸ் முடங்கியவர்கள் முதலில் போடும் கணக்கு ஊபர் செலவுதான். டாலஸ் பகுதியில் பிரிஸ்கோவில் வீடும் இர்விங்கில் அலுவலகமும் இருந்தால் அந்தக் கணக்கு ஒரு மாதம்கூடத் தாங்காது. பிரிஸ்கோ, டாலஸ் பகுதிப் பொதுப் போக்குவரத்தான டார்ட்டின் பஸ்ஸும் ரயிலும் எட்டாத ஊர். அடுத்து வருவது விபரீத யோசனை: "ஜாக்கிரதையாக ஓட்டினால் யார் நிறுத்தப் போகிறார்கள்?" இரண்டுக்கும் நடுவே சட்டமே ஒரு வழி வைத்திருக்கிறது. முடக்கக் காலத்திலும் வேலைக்கு ஓட்டிப்போக நீதிமன்றம் தரும் ஆக்குபேஷனல் லைசென்ஸ் அது. மாநிலப் போக்குவரத்துச் சட்டத்தின் 521-ஆம் அத்தியாயத்தில் வருகிறது.

இதில் ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் எளிது. இங்கே உண்மையான லைசென்ஸ், நீதிபதி கையெழுத்திட்ட உத்தரவுதான். அதில் எழுதிய நேரத்தில், எழுதிய காரணத்துக்காக, எழுதிய இடத்துக்குள் ஓட்டலாம். எழுதாதது எதுவும் உங்களுக்குக் கிடையாது. ஆகவே உழைப்பை எல்லாம் மனுவின் வாசகத்தில் போட வேண்டும்.

முடக்கம் எதனால் வந்தது என்று முதலில் பாருங்கள்

குடித்துவிட்டு ஓட்டியது மட்டுமே காரணம் என்று நினைக்க வேண்டாம். 12 மாதத்துக்குள் 4 போக்குவரத்து மீறல்கள், அல்லது 24 மாதத்துக்குள் 7 மீறல்கள் தீர்ப்பாகப் பதிவானாலும் லைசென்ஸ் முடங்கும். வேக டிக்கெட்டை யோசிக்காமல் ஆன்லைனில் கட்டிவிடுவதும் தீர்ப்பாகத்தான் பதிவாகும். அதனால்தான் டிக்கெட் வந்தால் கட்டுவதற்கு முன்பு, டிஃபென்சிவ் டிரைவிங் வகுப்பில் அதைத் தள்ளுபடி செய்ய முடியுமா என்று பார்க்கச் சொல்கிறோம். இன்ஷூரன்ஸ் இல்லாமல் திரும்பவும் பிடிபடுவது, போதைப்பொருள் வழக்கில் தண்டனை பெறுவது போன்றவையும் முடக்கத்தில் முடியும்.

மது வழக்கில்தான் குழப்பம் அதிகம். ஒரே கைதிலிருந்து இரண்டு தனித்தனி நடவடிக்கைகள் கிளம்புகின்றன. ஒன்று குற்றவழக்கு, அது மாதக்கணக்கில் இழுக்கும். மற்றது ஏ.எல்.ஆர். எனப்படும் நிர்வாக முடக்கம். இதை நடத்துவது டி.பி.எஸ்., அதாவது மாநிலப் பொதுப் பாதுகாப்புத் துறை. சோதனையில் ஆல்கஹால் அளவு 0.08 அல்லது அதற்கு மேல் வந்தால் முதல் தடவைக்கு 90 நாள், சோதனைக்கே மறுத்தால் 180 நாள். போலீஸ் அட்டையைப் பிடுங்கிக்கொண்டு ஒரு தாளைக் கொடுப்பார்கள். அதுவே 40 நாளுக்குத் தற்காலிக லைசென்ஸ். 40-ஆவது நாள் முடக்கம் தானாக அமலுக்கு வரும். "கேஸ் இன்னும் கோர்ட்டுக்கே வரவில்லையே" என்று இருப்பவர்கள் அகப்படுவது இந்த இடத்தில்தான்.

அந்தத் தாளைப் பெற்ற நாளிலிருந்து 15 நாளுக்குள் ஏ.எல்.ஆர். விசாரணை கேட்டு எழுதிவிடுங்கள். கேட்டால் விசாரணை முடிந்து முடிவு வரும்வரை முடக்கம் அமலுக்கு வராது. தோற்றாலும், மனு தயாரிக்கச் சில வாரங்கள் கையில் கிடைக்கும். கேட்காமல் விட்டால் 40 நாளுக்குள் எல்லாவற்றையும் முடித்தாக வேண்டும். வக்கீல் வைக்கலாமா வேண்டாமா என்று யோசித்தபடியே இந்த 15 நாளைக் கரைத்துவிடுபவர்கள் நிறைய.

உங்கள் பெயரில் எத்தனை முடக்கங்கள் இருக்கின்றன என்பதை டி.பி.எஸ். இணையதளத்தின் லைசென்ஸ் தகுதிப் பக்கத்தில் பாருங்கள். பழைய முடக்கம் ஒன்று கட்டணம் கட்டாமல் கிடந்தால் அதுவும் சேர்ந்து வழிமறிக்கும். சில சமயம் முடக்கமே இருக்காது. எப்போதோ ஒரு டிக்கெட்டுக்கு ஆஜராகாததால் புதுப்பிக்க மட்டும் மறுத்திருப்பார்கள். அந்த வழக்கை முடித்து, இந்தப் புதுப்பிப்புத் தடைக்கான 10 டாலர் ஆம்னிபேஸ் கட்டணத்தைக் கட்டினாலே தடை நீங்கிவிடும். அதற்காக நீதிமன்றம் ஏறி இறங்கத் தேவையில்லை.

யாருக்குக் கிடைக்காது, யார் காத்திருக்க வேண்டும்

மருத்துவக் காரணத்தால் முடங்கிய லைசென்ஸுக்கும், பிள்ளை பராமரிப்புத் தொகை பாக்கியால் முடங்கியதற்கும் இந்த வழி கிடையாது. லாரி, பெரிய பஸ் போன்ற வணிக வாகனம் ஓட்டவும் இது உதவாது. லாரி ஓட்டுநர் இதை வாங்கி டிப்போ வரை காரில் போகலாம். லாரியில் ஏற முடியாது.

கைதுக்கு முந்தைய ஐந்தாண்டுக்குள் மது தொடர்பான முடக்கமோ தீர்ப்போ இல்லாதவருக்குக் காத்திருப்பு இல்லை. அந்தக் காலத்துக்குள் ஏ.எல்.ஆர். முடக்கம் ஒன்று இருந்தால் 90 நாள், மது வழக்குத் தீர்ப்பால் வந்த முடக்கம் இருந்தால் 180 நாள் காத்திருக்க வேண்டும். தீர்ப்புகள் ஒன்றுக்கு மேல் போனால் ஓராண்டு. காரில் மூச்சுச் சோதனைப் பூட்டு, அதாவது இக்னிஷன் இன்டர்லாக், பொருத்திய சான்றைக் காட்டினால் நீதிபதி இந்தக் காத்திருப்பைத் தாண்டிக்கூட உத்தரவு தரலாம். அதைப் பற்றிப் பின்னால் விரிவாக.

மனு

தீர்ப்பால் வந்த முடக்கம் என்றால் தீர்ப்பளித்த நீதிமன்றத்துக்கே போக வேண்டும். ஏ.எல்.ஆர். போன்ற நிர்வாக முடக்கம் என்றால் நீங்கள் குடியிருக்கும் கவுன்டியின் ஜஸ்டிஸ் ஆஃப் தி பீஸ் நீதிமன்றம் போதும். பேச்சில் 'ஜே.பி. கோர்ட்'. தாக்கல் கட்டணம் 54 டாலர். வசதியில்லாதவர் கட்டண விலக்கு கேட்கும் படிவத்தையும் சேர்த்துக் கொடுக்கலாம். மாதிரி மனுவும் மாதிரி உத்தரவும் டெக்சஸ்லாஹெல்ப் தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. பல ஜே.பி. கோர்ட்டுகளின் தளத்திலும் இருக்கும். உங்கள் கோர்ட் தன் படிவத்தையே கேட்கிறதா என்று கிளார்க்கிடம் முன்கூட்டிப் போனில் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் தடவை நிர்வாக முடக்கம், வேறு சிக்கல் இல்லை என்றால் வக்கீல் இல்லாமலே பலர் முடித்துவிடுகிறார்கள். மது வழக்கு இரண்டாவது, அல்லது வழக்கு இன்னும் நடக்கிறது என்றால் வக்கீலைத் தவிர்ப்பது வீண் சிக்கனம். மனு சத்தியப் பிரமாணத்துடன் கொடுப்பது. அதில் நீங்கள் எழுதும் ஒரு வாக்கியம் குற்றவழக்கில் உங்களுக்கு எதிராகத் திரும்பலாம்.

மனுவோடு வைக்க வேண்டியவை: டி.பி.எஸ்.ஸிடம் 20 டாலர் கட்டி வாங்கும் 'ஏஆர்' வகை சான்றளிக்கப்பட்ட ஓட்டுநர் பதிவு, எஸ்ஆர்-22 இன்ஷூரன்ஸ் சான்று, வேலைக்கான ஆதாரம், முடக்க நோட்டீஸின் நகல். வேலைக்கான ஆதாரத்துக்கு எச்.ஆரிடம் போகப் பலர் கூச்சப்படுகிறார்கள். காரணத்தைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. பணி உறுதிக் கடிதம் ஒன்று கேட்டு, அதில் அலுவலக முகவரியும் வேலை நேரமும் வர வேண்டும் என்று சொன்னால் போதும். வாரத்தில் மூன்று நாள் மட்டும் அலுவலகம் என்றால் மனுவில் அந்த மூன்று நாளையே எழுதுங்கள். ஐந்து நாள் கேட்டுவிட்டுக் கடிதத்தில் மூன்று என்று இருந்தால், மற்ற எல்லாவற்றிலும் நீதிபதிக்குச் சந்தேகம் வரும்.

சட்டம் ஒப்புக்கொள்ளும் தேவைகள் மூன்றே: வேலையும் வேலைக்குப் போய்வருவதும், சேர்ந்திருக்கும் கல்வி நிலையத்துக்குப் போய்வருவதும், அத்தியாவசிய வீட்டுக் கடமைகளும். மூன்றாவதைத்தான் பலர் வெறும் தலைப்பாக எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பிள்ளையை டேகேரில் விடுவது, மளிகை, மருந்துக் கடை, டாக்டர், வயதான பெற்றோரை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போவது எல்லாவற்றையும் தனித்தனியாக எழுதுங்கள். புரொபேஷன் அலுவலகம், நீதிமன்றம், மது விழிப்புணர்வு வகுப்பு, இன்டர்லாக் சர்வீஸ் மையம், வழியில் பெட்ரோல் போடுவது ஆகியவையும் வேண்டும். பெட்ரோலைக்கூட எழுத வேண்டுமா என்று தோன்றும். ரோட்டோரம் உத்தரவைப் படிக்கப் போகிற போலீஸ்காரருக்கு உங்கள் மனசு தெரியாது. தாளில் இருப்பதுதான் தெரியும். சனிக்கிழமை பிளேனோவில் பாட்டு கிளாஸ், ஞாயிற்றுக்கிழமை கோயில் இதெல்லாம் இந்த மூன்றுக்குள் எளிதில் அடங்காது. அதற்கு வேறொருவரை ஓட்டச் சொல்லுங்கள்.

நேரமும் இடமும்

மனுக்களில் அதிகம் கோட்டைவிடும் பகுதி இது. சட்டப்படி எந்த 24 மணி நேரத்திலும் 4 மணி நேரம்தான் ஓட்டலாம். அவசியத்தைக் காட்டினால் நீதிபதி அதை 12 மணி வரை உயர்த்தலாம். கேட்டால்தான் உயர்த்துவார். மாதிரிப் படிவத்தில் அதற்கென்று ஒரு கட்டம் இருக்கும். அதை நிரப்பிக் காரணத்தையும் எழுதுங்கள்.

சட்டம் எண்ணுவது வண்டி ஓட்டும் நேரத்தை. உத்தரவில் எழுதப்படுவதோ கடிகார நேரம். அலுவலகம் 45 நிமிட தூரம், போக வர ஒன்றரை மணிதானே என்று '7:30 முதல் 8:15' என்று எழுதினால், 635 நெடுஞ்சாலையில் ஒரு விபத்து நடந்த அன்று 8:16-க்கு நீங்கள் குற்றவாளி. இரண்டு பக்கமும் இடம் விட்டு எழுதுங்கள். வார நாள்களில் காலை 6:30 முதல் 9:30, மாலை 4:00 முதல் 8:00. சனிக்கிழமை காலை 9:00 முதல் 1:00 என்பது போல. வார நாள் கூட்டல் 7 மணி. 4-ஐத் தாண்டுவதால் நீட்டிப்பு கேட்டே ஆக வேண்டும். சில நீதிபதிகள் எழுதிய நேரப் பகுதிகளைக் கூட்டித்தான் பார்ப்பார்கள். ஆகவே மொத்தம் 12-க்குள் நிற்கட்டும்.

ஷிப்டு வேலைக்காரர்களுக்குக் கூடுதல் கவனம் வேண்டும். ஹூஸ்டன் மெடிக்கல் சென்டரில் 7-க்கு 7 ஷிப்டு பார்க்கும் நர்ஸுக்குப் பகல் ஷிப்டும் இரவு ஷிப்டும் மாறி வந்தால், இரண்டுக்கும் பொருந்தும் நேரம் உத்தரவில் இருக்க வேண்டும். காலை 5:30 முதல் 9:30, மாலை 5:30 முதல் 9:30 என்று எழுதினால் இரண்டு ஷிப்டும் அடங்கும். ஓவர்டைமில் ஒரு மணி நேரம் தங்கினாலும் வீடு திரும்பலாம். இரவு 2 மணிக்கு சர்வர் விழுந்தால் அலுவலகம் ஓடும் பழக்கம் உள்ள ஐ.டி. நண்பர்கள், முடக்கக் காலம் முடியும்வரை அதை வீட்டிலிருந்தே தூக்கி நிறுத்தக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

இடத்துக்குத் தெருப் பெயர்களை எழுதாதீர்கள். கவுன்டிகளை எழுதுங்கள். பிரிஸ்கோவே காலின், டென்டன் என்று இரண்டு கவுன்டிகளில் பரவிக் கிடக்கிறது. இர்விங் டாலஸ் கவுன்டி. ஆக மூன்றும் வேண்டும். டாரன்ட் கவுன்டியில் கிளையன்ட் இருந்தால் நான்கு. ஷுகர்லேண்டிலிருந்து ஹூஸ்டன் போகிறவருக்கு போர்ட் பெண்ட், ஹாரிஸ் இரண்டும். ரவுண்ட் ராக்கிலிருந்து ஆஸ்டினுக்கு வில்லியம்சன், டிராவிஸ். சாலை பெயரால் எழுதிய உத்தரவோடு போகிறவர், சாலைப் பணிக்காகத் திருப்பிவிட்டால் உத்தரவுக்கு வெளியே போய்விடுவார்.

விசாரணை பெரும்பாலும் சில நிமிடங்களில் முடிந்துவிடும். சில நீதிபதிகள் தாளைப் பார்த்தே கையெழுத்துப் போடுவார்கள். கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "வேறு யாராவது உங்களைக் கொண்டுபோய் விட முடியாதா?" துணைவருக்கு வேறு திசையில் வேலை, அல்லது துணைவருக்கான எச்-4 விசாவில் வந்தவருக்கு லைசென்ஸ் இன்னும் இல்லை என்பதெல்லாம் நியாயமான பதில். அதை மனுவிலேயே எழுதியிருந்தால் இன்னும் நல்லது. சில நீதிபதிகள் பயணக் குறிப்பேடு வைக்கச் சொல்வார்கள். தேதி, புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம், எங்கிருந்து எங்கே, எதற்கு, ஓடோமீட்டர் எண் என்று ஒவ்வொரு பயணத்தையும் அன்றன்றே எழுதுவது. வார இறுதியில் ஒரே பேனாவில், ஒரே கையெழுத்துச் சீரில் மொத்தமாக நிரப்பிய குறிப்பேடு பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும்.

கையெழுத்துக்குப் பின் 45 நாள்

உத்தரவு கிடைத்ததும் அதன் சான்றளிக்கப்பட்ட நகல்களை மூன்று நான்காக வாங்கிவிடுங்கள். ஒன்று டி.பி.எஸ்.ஸுக்கு, ஒன்று நீங்கள் ஓட்டும் ஒவ்வொரு காருக்கும், ஒன்று வீட்டுக்கு. அந்த நகலை லைசென்ஸாகக் காட்டி 45 நாள் ஓட்டலாம். அதற்குள் டி.பி.எஸ். அச்சடித்த லைசென்ஸை அனுப்பியிருக்க வேண்டும். அனுப்பாவிட்டால் 46-ஆம் நாள், கையில் உத்தரவு இருந்தும் உங்களிடம் லைசென்ஸ் இல்லை.

டி.பி.எஸ்.ஸுக்குப் போக வேண்டியவை: மனு, உத்தரவு இரண்டின் சான்றளிக்கப்பட்ட நகல்கள், எஸ்ஆர்-22, ஆக்குபேஷனல் லைசென்ஸ் கட்டணம் ஓராண்டுக்கு 10 டாலர், மற்றும் முடங்கிய லைசென்ஸைத் திரும்பப் பெறக் கட்டும் மீட்புக் கட்டணம். மீட்புக் கட்டணம் ஏ.எல்.ஆர். முடக்கத்துக்கு 125 டாலர். மற்ற பல முடக்கங்களுக்கு 100. தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் இந்தக் கட்டணம்தான். 10 டாலரை மட்டும் கட்டிவிட்டு, மீட்புக் கட்டணம் முடக்கம் முடிந்த பிறகுதானே என்று காத்திருப்பார்கள். இரண்டு முடக்கம் இருந்தால் இரண்டுக்கும் கட்ட வேண்டும். மனுவை விட்டுவிட்டு உத்தரவை மட்டும் அனுப்புவது அடுத்த காரணம். உத்தரவு வாங்கிய அன்றே அனுப்பிவிட்டு, இரண்டு வாரம் கழித்துத் தகுதிப் பக்கத்தில் எது வந்து சேர்ந்தது, எது பாக்கி என்று பாருங்கள்.

செலவைக் கூட்டினால் ஒற்றை ஏ.எல்.ஆர். முடக்கத்துக்கு 54, 20, 125, 10 சேர்ந்து 209 டாலர். நகல் கட்டணம் தனி. உண்மையில் பையைக் கரைப்பது எஸ்ஆர்-22-ஆல் ஏறும் பிரீமியம்தான். எஸ்ஆர்-22 தனி இன்ஷூரன்ஸ் அல்ல. உங்களுக்கு 30,000/60,000/25,000 டாலர் என்ற குறைந்தபட்சக் காப்பீடு இருக்கிறது என்று கம்பெனி மாநிலத்துக்குக் கொடுக்கும் உறுதி. எல்லாக் கம்பெனிகளும் இதைத் தருவதில்லை. சொந்தக் கார் இல்லாதவர் 'நான்-ஓனர்' பாலிசியில் வாங்கலாம். ஒரு மாதத் தவணை தவறிப் பாலிசி ரத்தானால் கம்பெனி உடனே எஸ்ஆர்-26 என்ற தாளை டி.பி.எஸ்.ஸுக்கு அனுப்பிவிடும். லைசென்ஸும் போய்விடும். ஆட்டோபே போட்ட கிரெடிட் கார்டு காலாவதியாகி இப்படி மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. கார்டின் காலாவதி மாதத்தைக் காலண்டரில் குறித்து வையுங்கள்.

மூச்சுச் சோதனைப் பூட்டு

மது வழக்குகளில் நீதிபதி இதைக் கட்டாயமாக்குவதுண்டு. நீங்களாகவும் போட்டுக்கொள்ளலாம். பலரும் இதைத் தண்டனையாக மட்டும் பார்க்கிறார்கள். 2015-இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு, இந்தப் பூட்டுள்ள வண்டியை மட்டுமே ஓட்ட வேண்டும் என்ற நிபந்தனை இருப்பவருக்கு நேரம், காரணம், இடம் என்ற கட்டுப்பாடுகளை விதிக்கக் கூடாது. மேலே சொன்ன நேரக் கணக்கும் கவுன்டிக் கணக்கும் அவருக்கு இல்லை. சிறு குழந்தைகள் இருக்கும் வீட்டுக்கும் ஷிப்டு வேலைக்கும், மாத வாடகை கொடுத்தாலும் இதுவே வசதி என்பது எங்கள் கருத்து.

காத்திருப்பைத் தாண்டுவதற்காகப் பொருத்தினால், நீங்கள் சொந்தமாக வைத்திருக்கும், ஓட்டும் ஒவ்வொரு வண்டியிலும் அது இருக்க வேண்டும். துணைவரின் காரை எப்போதாவது எடுப்பவர் என்றால் அதிலும். கம்பெனி வண்டிக்கு ஒரு விலக்கு உண்டு. வேலை நிமித்தம் முதலாளியின் வண்டியைப் பூட்டில்லாமல் ஓட்டலாம். ஆனால் கட்டுப்பாட்டைப் பற்றி முதலாளிக்குத் தெரிவித்திருக்க வேண்டும். தெரிவித்ததற்கான சான்று வண்டியில் இருக்க வேண்டும். கம்பெனியே உங்களுடையது என்றால் விலக்கு கிடையாது.

கருவி மூச்சில் இருக்கும் ஆல்கஹாலைத்தான் பார்க்கும். எங்கிருந்து வந்தது என்று கேட்காது. மவுத்வாஷ், சில இருமல் மருந்துகள், கொம்புச்சா எல்லாம் காட்டிக்கொடுக்கும். நம் வீடுகளில் தசமூலாரிஷ்டம், அசோகாரிஷ்டம் குடிக்கிற பழக்கம் இருக்கிறது. அரிஷ்டம் என்பதே ஊறிப் புளித்து உண்டாவது. ஆல்கஹால் அதிலேயே இருக்கிறது. பூட்டு இருக்கும்வரை அவற்றை ஒதுக்கி வையுங்கள். ஊதும் முன் வாயைத் தண்ணீரில் கொப்பளித்து 15 நிமிடம் பொறுங்கள். ஓட்டும்போதே நடுநடுவே திரும்ப ஊதச் சொல்லும். அதைத் தவறவிட்டால் மீறலாகப் பதிவாகும். சர்வீஸ் தேதியைத் தள்ளிப்போட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாமலே நின்றுவிடும்.

இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு

இந்திய லைசென்ஸோ சர்வதேச ஓட்டுநர் அனுமதியோ கையில் இருக்கிறதே, அதில் ஓட்டலாமா என்ற கேள்வி அடிக்கடி வருகிறது. கூடாது. முடக்கப்பட்டது அட்டை அல்ல; டெக்சஸ் சாலையில் ஓட்டும் உரிமை. வேறு மாநிலத்துக்குக் குடிபோய்ப் புதிதாக வாங்கலாம் என்பதும் நடக்காது. தேசிய ஓட்டுநர் பதிவேட்டில் உங்கள் பெயர் தெரியும். ஆக்குபேஷனல் லைசென்ஸோடு லூசியானா, ஓக்லஹோமா எல்லை தாண்டுவதையும் தவிருங்கள்.

எச்-1பி போன்ற விசாவில் இருப்பவருக்கு மதுவுக்காகக் கைதானதே போதும்; தீர்ப்பு வரும் முன்பே வெளியுறவுத் துறை பாஸ்போர்ட்டில் உள்ள விசா ஸ்டாம்பை ரத்து செய்யலாம். அதனால் உள்நாட்டில் தங்கும் அந்தஸ்து தானாகப் போய்விடாது. வெளியே போனால் திரும்பி வருவதில்தான் சிக்கல். ஊருக்கு டிக்கெட் போடும் முன் குடியேற்ற வக்கீலைப் பாருங்கள். லைசென்ஸ் மனுவில் எழுதுவதும் விசா படிவத்தில் எழுதுவதும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கக் கூடாது.

ரோட்டில் நிறுத்தினால்

உத்தரவின் சான்றளிக்கப்பட்ட நகல், லைசென்ஸ், இன்ஷூரன்ஸ் மூன்றையும் கேட்கும் முன்பே நீட்டுங்கள். போனில் எடுத்த படம் போதாது. உத்தரவுக்கு வெளியே ஓட்டுவதும், உத்தரவை எடுத்துச் செல்லாமல் ஓட்டுவதும் 'பி' வகுப்புக் குற்றம்: 180 நாள் வரை சிறை, 2,000 டாலர் வரை அபராதம். கூடவே ஆக்குபேஷனல் லைசென்ஸும் பறிபோகும். வேலை இடமோ நேரமோ மாறினால் அதே நீதிமன்றத்தில் திருத்த மனு கொடுத்துப் புதிய உத்தரவு வாங்கிய பிறகே புதிய நேரத்தில் ஓட்ட வேண்டும். திருத்திய உத்தரவும் டி.பி.எஸ்.ஸுக்குப் போக வேண்டும்.

முடக்கக் காலம் முடிந்த மறுநாளே பழைய லைசென்ஸ் தானாக உயிர்பெற்றுவிடாது. தகுதிப் பக்கத்தில் பாக்கி எதுவும் இல்லை என்று காட்டும்வரை உத்தரவின்படியே ஓட்டுங்கள். தீர்ப்பால் முடங்கியவர்கள் எஸ்ஆர்-22-ஐத் தீர்ப்புத் தேதியிலிருந்து இரண்டாண்டு வைத்திருக்க வேண்டும். அதற்குள் மலிவான பாலிசிக்கு மாறுவதாக இருந்தால், புதிய கம்பெனியின் எஸ்ஆர்-22 டி.பி.எஸ்.ஸில் பதிவானதைப் பார்த்துவிட்டுப் பழையதை நிறுத்துங்கள்.